ஸ்ட்ரீமாக அனுப்பிய ரெக்வெஸ்ட் பாடி எங்கே சிக்குகிறது?

பிரவுசரிலிருந்து ரெக்வெஸ்ட் பாடியை (சர்வருக்குப் போகும் டேட்டாவை) ஸ்ட்ரீமாக, அதாவது மொத்தமாக இல்லாமல் துண்டு துண்டாக, அனுப்பும்போது ஏதாவது தகராறு என்றால், பலரும் முதலில் சர்வர் கோடைத்தான் பிரித்துப் போடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பைட்டுகள் எந்த இடம் வரை வந்தன, எந்த நேரத்தில் வந்தன என்று தெரியாமல் கோடில் கை வைத்தால் இன்னும் குழப்பம்தான் மிஞ்சும்.

வினாடிக்கு ஒரு வரி வீதம் கர்ல் என்ற கமாண்ட்-லைன் கருவி மூலம் அனுப்பி, ஒவ்வொரு துண்டும் வந்து சேரும் நேரத்தை சர்வரில் லாக் செய்யுங்கள். டேட்டா-பைனரி ஆப்ஷன் இதற்கு உதவாது. அது எல்லாவற்றையும் மெமரியில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அனுப்பும். அப்லோட்-ஃபைல் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள். முதலில் நேராக உங்கள் நோட் (Node.js) சர்வரின் போர்ட்டுக்கு அனுப்புங்கள், அப்புறம் அதற்கு முன்னால் ப்ராக்ஸியாக நிற்கும் என்ஜின்எக்ஸ் (nginx) வழியாக.

நேராக அனுப்பும்போது வரிவரியாக வந்து, என்ஜின்எக்ஸ் வழியாக மட்டும் கடைசியில் மொத்தமாகக் கொட்டுகிறதா? முழு பாடியையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே பின்னால் அனுப்பும் ப்ராக்ஸி ரெக்வெஸ்ட் பஃபரிங் என்ற செட்டிங் இயல்பிலேயே ஆனில் இருப்பதுதான் காரணம். அதை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. பின்னால் உள்ள சர்வருடன் என்ஜின்எக்ஸ் எச்டிடிபி 1.1-இல் பேசுகிறதா என்றும் பாருங்கள். பாடி மிகப் பெரிது என்னும் 413 பிழை வந்தால், என்ஜின்எக்ஸில் பாடியின் இயல்பான உச்ச அளவு 1 எம்பி என்பதை நினைவில் வையுங்கள். பாடியை வாசிக்க என்ஜின்எக்ஸ் வைத்திருக்கும் 60 வினாடி டைம்அவுட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது முழு அப்லோடுக்கான கெடு அல்ல, இரண்டு வாசிப்புகளுக்கு இடையில் அனுமதிக்கும் இடைவெளி. இந்த டைம்அவுட்டைப் பொறுத்தவரை பத்து நிமிட அப்லோடும் தாராளமாகப் போகும். நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் மௌனமாக இருந்தால்தான் அறுந்துவிடும்.

கர்லில் சரியாக இருந்து குரோமில் மட்டும் தோற்றால் பிரவுசர் பக்கம் வாருங்கள். குரோமில் பாடியை ஸ்ட்ரீமாக அனுப்பும் வசதி 2022-இல், 105-ஆம் பதிப்பில் வந்தது. ரெக்வெஸ்ட் அனுப்பும் ஃபெட்ச் ஃபங்ஷனில் டூப்ளெக்ஸ் என்ற ஆப்ஷனுக்கு 'ஹாஃப்' என்று கொடுக்காவிட்டால் டைப்எரர் என்ற பிழைதான். ரெக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. எச்டிடிபி 1.1 மட்டும் பேசும் லோக்கல் சர்வருக்கும் குரோமிலிருந்து நேராகப் போகாது, பிரவுசர் பேசும் இணைப்புக்கு எச்டிடிபி 2 அல்லது 3 வேண்டும். ஸ்ட்ரீமுக்குள் ஸ்ட்ரிங்கைப் போட்டாலும் பிழைதான். எழுத்தை டெக்ஸ்ட்என்கோடர்ஸ்ட்ரீம் வழியாக பைட்டாக்கி அனுப்புங்கள்.

இவற்றைவிட மோசமானது, வசதியே இல்லாத பிரவுசர். அது பிழை எதுவும் காட்டாமல், 'ஆப்ஜெக்ட் ரீடபிள்ஸ்ட்ரீம்' என்ற எழுத்துகளையே பாடியாக அனுப்பிவிடும். சர்வரும் 200, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லிவிடலாம். வசதி இருக்கிறதா என்று முதலிலேயே சோதிப்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

நோட் சர்வரை எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கில் எழுதியிருந்து, ரெக்வெஸ்டைக் கையாளும் ஹேண்ட்லர் டேட்டா எதுவும் வராமல் காத்துக்கிடந்தால், அதற்கு முன்னால் ஓடும் மிடில்வேர் கோடு ஏதாவது பாடியைப் படித்து முடித்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு ஸ்ட்ரீமை ஒருமுறைதான் படிக்க முடியும். தோற்ற ரெக்வெஸ்டை மறுபடி அனுப்பும் ரீட்ரை கோடை எழுதும்போதும் இதே கதைதான்: பழைய ஸ்ட்ரீமை மறுபடி கொடுக்காமல், ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள்.