நத்தார் வான்கோழி: நெஞ்சு போறணைக்கு, கால் கறிச்சட்டிக்கு

திருகோணமலையில் மார்கழி என்றால் மழை. அந்த மழையோடு எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதமும் வரும். நத்தார் மதியத்துக்கு வான்கோழியா, ஆட்டிறைச்சியா?

அண்ணா குடும்பத்தோடு கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நத்தாருக்கு வருவார். மேசை நடுவில் வான்கோழி இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு அது நத்தாரே இல்லை. அம்மாவுக்கோ, பூசை முடிந்து வரும் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி மணக்க வேண்டும். "அது வெள்ளைக்காரன் சாப்பாடு. வாயில் வைத்தால் வைக்கோல்" என்பார். என் கணவருக்கு விலைதான் கவலை. அந்தக் காசுக்கு எத்தனை நாட்டுக்கோழி வாங்கலாம் என்று கணக்குப் பார்ப்பார். அண்ணாவின் மூத்த மகள் இப்போது மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை.

இவர்களில் யாரையும் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே மேசையில் இடம் கிடைக்கிற மாதிரி ஒரு முறையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நத்தார் பிடித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை செய்தபோது முழு வான்கோழியையும் அப்படியே மின்சார அடுப்புக்குள் வைத்தேன். ஐந்தரைக் கிலோ. கதவைச் சாத்த முடியாமல் கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. மழை நாளில் அது புதிதில்லை. மூன்று மணிக்கு வெட்டிப் பார்த்தால் நெஞ்சு உலர்ந்து போயிருந்தது, தொடை எலும்போடு ஒட்டிய இடத்தில் இன்னும் வேகவில்லை. அண்ணாவின் சின்னவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் முட்டை பொரித்து வந்து வைத்தார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். வைக்கோல் என்று அம்மா சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வான்கோழியின் நெஞ்சில் கொழுப்புக் குறைவு. உள்ளே 74 பாகை செல்சியஸ் வந்ததும் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். பிந்தினால் சாறெல்லாம் போய்விடும். காலும் தொடையும் நிறைய உழைத்த இறைச்சி. அதிலுள்ள சவ்வு இளகி மெதுவாவதற்கு இன்னும் கூடிய சூடும் நேரமும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக அடுப்பில் வைத்தால் ஒன்றுக்குச் சரியான நேரம் மற்றதற்குப் பிழையான நேரம். அதனால் கோழியைப் பிரித்துவிடுங்கள். நெஞ்சு அண்ணாவின் பிள்ளைகளுக்கு, காலும் தொடையும் அம்மாவின் கறிச்சட்டிக்கு.

"வெள்ளைக்காரன் சாப்பாடு" என்ற பேச்சுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். இந்தப் பறவையின் ஊர் மெக்சிக்கோவும் வட அமெரிக்காவும். ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒல்லாந்தர் அதைக் கள்ளிக்கோட்டைக் கோழி என்று எண்ணி 'கல்கூன்' என்றார்கள். அந்தச் சொல்தான் சிங்களத்தில் 'களுகுமா' ஆனது. எங்கள் கோட்டையை ஆண்ட அதே ஒல்லாந்தர்தான். இங்கிலாந்திலும் முன்பு வாத்தும் மாட்டிறைச்சியும்தான் நத்தார் மேசையில் பெரிதாக இருந்தன. சாதாரண வீடுகளுக்கு வான்கோழி பரவலாக வந்தது 20ஆம் நூற்றாண்டில். எங்கள் அப்பப்பா இங்கே ஆங்கிலேயரின் கடற்படைத் தளத்துக் குசினியில் வேலை செய்தவர், 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும் வரைக்கும். அவர் வெந்த வான்கோழியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பம்மா அதை மிளகு போட்டுப் பிரட்டிய கதையை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே வான்கோழிக் கறி என் கண்டுபிடிப்பு இல்லை, அப்பம்மாவுடையது.

சரி, வேலைக்கு வருவோம்.

பன்னிரண்டு பேருக்கு நாலு கிலோவுக்கும் நாலரைக் கிலோவுக்கும் இடைப்பட்ட கோழி போதும். கறியும் மஞ்சள் சோறும் இருப்பதால் அதற்கு மேல் தேவைப்படாது. உறைந்த கோழியைக் கொழும்பிலிருந்து யாராவது இரவு ரயிலில் கொண்டுவந்தால், மீன்காரர் பாவிக்கும் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். உறையில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஏற்றிய கோழி என்றால் நான் கீழே சொல்லும் உப்பை விட்டுவிடுங்கள்.

உயிர்க் கோழி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் கறி வேக நேரம் கூடும். எங்கள் ஒழுங்கையில் பாதி முஸ்லிம் வீடுகள். அவர்களுக்கும் ஒரு தட்டுப் போக வேண்டும் என்பதால் நாங்கள் எப்போதும் முஸ்லிம் இறைச்சிக்கடைக்காரரிடமே அறுக்கக் கொடுப்போம். பெட்டிக் கோழி என்றால் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொடுத்த பிறகு சங்கடப்படுவதை விட இது லேசு. இந்து வீடுகளுக்கு இந்த நாட்களில் இறைச்சி அனுப்பக் கூடாது. பல வருடங்களில் திருவெம்பாவை நத்தாரை ஒட்டித்தான் வரும், விரதம் இருப்பார்கள். அவர்களுக்குப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் வாழைப்பழமும் அனுப்புவோம்.

உறைந்த கோழியை 20ஆம் திகதி இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டு வைத்து வைத்துவிடுங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்பது கணக்கு. ஆனால் நத்தார் வாரத்தில் எங்கள் பிரிட்ஜ் நாளுக்கு நூறு தரம் திறந்து மூடும், அதனால் மூன்று நாள் வைப்பேன். குசினி மேசையில் வைத்து உருக விடாதீர்கள். மழைக் காலத்திலும் எங்கள் ஊர்ச் சூட்டில் வெளிப்பக்கம் பழுதாகத் தொடங்கும்போது உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். நேரம் போதாவிட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். நாலரைக் கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். எங்கள் குழாய்த் தண்ணீர் குளிராது, ஆகவே ஐஸ் கட்டி போட்டே ஆக வேண்டும்.

23ஆம் திகதி பின்னேரம் கோழியைப் பிரியுங்கள். முதலில் வயிற்றுக்குள் கையை விட்டு ஈரல், கழுத்து இருக்கும் பையை எடுங்கள். பலர் இதை மறந்து பையோடு அவித்துவிடுகிறார்கள். கழுவ வேண்டாம். அம்மாவை இதற்கு இணங்க வைக்கத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது. பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவினால் கிருமி தெறித்துக் குசினி முழுக்கப் பரவும். வேகும் சூட்டில் அது செத்துப்போகும். துடைத்து எடுத்தால் போதும். தொடை உடம்போடு சேரும் இடத்தில் தோலை வெட்டி, காலை வெளிப்பக்கம் மடக்கினால் மூட்டு கழன்று தெரியும். அந்த மூட்டின் ஊடாகக் கத்தியை விடுங்கள். இறக்கைகளையும் முதுகெலும்பையும் வெட்டி எடுங்கள். நெஞ்சு எலும்போடு ஒரே துண்டாக மிஞ்சும்.

கீழ்க்காலில் நரம்புகள் ஈர்க்கு மாதிரி விறைப்பாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு என்றால் பொறுமையாக இருந்து அவற்றை இழுத்து எடுத்துவிடுங்கள்.

நெஞ்சுக்கு ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பு, இரண்டு தேக்கரண்டி மிளகுத்தூள். தோலுக்கு மேலும் கீழும் பூசி, மூடாமல் பிரிட்ஜில் 25ஆம் திகதி காலை வரைக்கும் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், தோல் உலர்ந்து மொறுமொறுப்பாக வரும். வைக்கோல் பேச்சை நிறுத்தியது இந்த உப்புத்தான் என்று நான் நம்புகிறேன்.

24ஆம் திகதி மத்தியானம் கறி. கால், தொடை, இறக்கைகளை எலும்போடு பெரிய துண்டாக வெட்டுங்கள், இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். மஞ்சள், உப்பு, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, அரைத்த இஞ்சி உள்ளி, நாலு மேசைக்கரண்டி வறுத்த கறித்தூள் போட்டுப் பிரட்டி ஒரு மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். பெரிய சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டுக் கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை, கால் கிலோ சின்ன வெங்காயம் எல்லாம் பொன்னிறமாக வதங்கியதும் இறைச்சியைப் போடுங்கள். பத்து நிமிடம் கிளறி, இரண்டாம் பால் மூன்று கப் விட்டு மூடி, சின்ன நெருப்பில் ஒன்றரை மணித்தியாலம். உயிர்க் கோழி என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம். எலும்பிலிருந்து இறைச்சி நழுவத் தொடங்கும்போது முதற்பால் ஒரு கப். இறக்கும்போது வறுத்துப் பொடித்த மிளகும் பெருஞ்சீரகமும் தூவி, கடைசியில் தேசிக்காய்ப் புளி.

அம்மா பழைய முறைப்படி அன்று ஒருசந்தி, சுத்தபோசனம்: ஒரு வேளைதான் சாப்பாடு, மச்சமும் இல்லை. உப்புப் பார்க்க மாட்டார். வாசனை பிடித்தே "இன்னும் கொஞ்சம் போடு" என்பார், அது சரியாகவே இருக்கும். ஆறியதும், இரண்டு மணித்தியாலத்துக்குள், கறியைச் சின்னச் சின்னப் பாத்திரங்களாக்கிப் பிரிட்ஜில் வைத்துவிட்டு நடுச்சாமப் பூசைக்குப் புறப்படுங்கள். அடுத்த நாள் நன்றாகக் கொதிக்க வைத்து எடுக்கும்போது கறி இன்னும் ருசியாக இருக்கும்.

25ஆம் திகதி காலை பத்து மணிக்கு நெஞ்சை வெளியே எடுங்கள். நூறு கிராம் பட்டரில் நசுக்கிய உள்ளி, பொடியாக அரிந்த கறிவேப்பிலை, துருவிய தேசிக்காய்த் தோல் கலந்து தோலுக்கடியில் விரலால் தள்ளுங்கள். 180 பாகையில் ஒன்றேகால் மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம். தோல் கறுக்கப் பார்த்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள், இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன். சாற்றின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மிகத் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தி 74 காட்டினால் எடுத்துவிடலாம். பிறகு அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டாலும் வெட்ட வேண்டாம்.

வீட்டில் மின்சார அடுப்பு இல்லாவிட்டால் பேக்கரிப் போறணை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நத்தார் கேக்கைத் தட்டோடு கொண்டுபோய்ப் போறணையில் சுட்டு வரும் வீடுகள் இன்னும் உண்டு. பாண் இறக்கிய பிறகு இருக்கும் சூட்டில் வைக்கலாமா என்று ஒரு கிழமைக்கு முன்பே கேட்டு வையுங்கள். அந்தச் சூடு எவ்வளவு என்று சொல்ல முடியாது, எனவே வெப்பமானியையும் கையோடு கொண்டுபோங்கள். கரண்ட் போகும் என்ற பயமும் இல்லை. போன நத்தாருக்கு நான் அப்படித்தான் செய்தேன், தோலில் விறகு மணம் லேசாக ஏறியிருந்தது.

பாண் துண்டு, வெங்காயம், கஜு, முந்திரிகை வற்றல் சேர்த்த உள்ளீட்டைக் கோழிக்குள் அடைக்காமல் தனித் தட்டில் சுடுங்கள். அடைத்தால் அதன் நடுப்பகுதி பாதுகாப்பாக வேகும் நேரத்தில் இறைச்சி உலர்ந்துவிடும். தனியாகச் சுட்டால் மச்சம் சாப்பிடாத அண்ணா மகளும் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுவாள். கிரான்பெரிக்குப் பதில் பேரீச்சம்பழச் சட்னி வைக்கிறேன். அதே புளிப்பும் இனிப்பும் அதில் உண்டு.

என் கணவரின் கணக்கையும் நான் தள்ளிவிடவில்லை. 2022இல் காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வருடம் நாங்கள் வான்கோழி வாங்கவில்லை. இரண்டு கோழிகளை இதே மாதிரிப் பிரித்து, நெஞ்சை உப்புப் பூசிச் சுட்டு, காலைக் கறியாக்கினோம். கடன் வாங்கி வான்கோழி வைக்க வேண்டிய நிலை என்றால் இப்படிச் செய்யுங்கள், ஒரு குறையும் தெரியாது. சின்னக் கோழி என்பதால் நேரத்தை மட்டும் குறைத்து, அதே 74ஐப் பாருங்கள்.

மிஞ்சிய இறைச்சியை அன்று பின்னேரமே எலும்பிலிருந்து கழற்றிப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் 26ஆம் திகதி மச்சம் சமைப்பதில்லை. 2004இல் அந்த ஞாயிறு காலை கடல் வந்தது. 9.25க்கு இரண்டு நிமிடம் எல்லாரும் எழுந்து நிற்போம், அண்ணாவின் பிள்ளைகளும் நிற்பார்கள். அன்றைக்குச் சோறும் பருப்பும் சொதியும்தான். 27ஆம் திகதி, பிரித்த அன்றே உறைய வைத்த முதுகெலும்பையும் நெஞ்செலும்பையும் மிளகு, உள்ளி, ரம்பை போட்டு இரண்டு மணித்தியாலம் அவித்து வடித்து, மிஞ்சிய இறைச்சியை அதில் உதிர்த்துப் போட்டுக் கொதிக்க விடுங்கள். மழைக்குச் சூடாகக் குடிக்க அம்மா முதலில் கேட்பது அந்தச் சூப்பைத்தான்.