பிளேஃபேர் எழுத்துருவில் எண்கள் ஏறி இறங்குகின்றனவா?

அழைப்பிதழில் ஆங்கிலத் தலைப்புக்கு பிளேஃபேர் டிஸ்பிளே போடுகிறவர்கள் எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கிளவுஸ் எக்கர்ஸ் சோரன்சன் வடிவமைத்து 2011-இல் வெளிவந்த இந்த இலவச எழுத்துருவில் எண்கள் பழைய பாணியில்தான் வரும். 2025 என்று அடித்தால் 2-ம் 0-வும் குட்டையாக நிற்கும், 5 மட்டும் வரிக்குக் கீழே இறங்கும். ஓடும் வரிக்குள் அது அவ்வளவு அழகு! ஆனால் தேதியையும் தொலைபேசி எண்ணையும் படிக்கச் சிரமம். வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் நம்பர் ஃபார்ம்ஸ் என்பதை லைனிங் என்று மாற்றுங்கள். எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

அப்புறம், இதன் மெல்லிய கோடுகள் தலைமுடி போன்றவை. சின்ன அளவில், அதுவும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சடித்தால், மை பரவி அவை காணாமல் போகும். முகவரிக்கு வேறு எழுத்துருவே நல்லது.