சில்வியாவா, 180எஸ்எக்ஸா? நிசான் எஸ்13 கார்களை அடையாளம் காண்பது எப்படி

ஒரு காரின் முகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் அச்சுப் பிசகாமல் பொருந்திவிடும் என்பதுதான், சில்வியா, 180எஸ்எக்ஸ் போன்ற பெயர்களில் வந்த நிசான் எஸ்13 கார்க் குடும்பத்தின் அழகு. புதிதாகப் பார்ப்பவரைக் குழப்புவதும் அதுவே. டிக்கியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பானட்டைத் திறந்து, காரின் விவரம் பொறித்த உலோகப் பிளேட்டைப் படியுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பிளேட் சொல்வதைச் சரிபார்க்கும் சாட்சிகள்.

முதலில்: உருவத்தைப் பாருங்கள்

இதற்கு ஒரு நிமிடம் போதும். சில்வியா 1988 மே மாதம் ஜப்பானில் வந்தது. தனி டிக்கி உள்ள இரண்டு கதவு கூபே, எழும்பாத ஒல்லியான ஹெட்லைட். அடுத்த ஆண்டு வந்த 180எஸ்எக்ஸில் பின்கண்ணாடியோடு சேர்ந்தே தூக்கும் ஹேட்ச் கதவு. ஹெட்லைட் பாப்‑அப் வகை, சுவிட்சைப் போட்டால் மேலே எழும்.

முகமும் முதுகும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹேட்ச் உடம்பில் சில்வியா முகம் இருந்தால் ரசிகர்கள் அதை 'சில்எய்ட்டி' என்பார்கள். சில்வியா உடம்பில் பாப்‑அப் லைட் இருந்தால் 'ஒன்வியா'. இடதுபக்க ஸ்டியரிங் உள்ள கூபேயில் பாப்‑அப் லைட் இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். இதே குடும்பத்தில் அமெரிக்காவில் விற்ற 240எஸ்எக்ஸ் கூபே தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது.

இரண்டாவது: பிளேட்டைப் படியுங்கள்

என்ஜினுக்கும் காரின் உள்ளறைக்கும் நடுவே நிற்கும் தகரச் சுவர்தான் ஃபயர்வால். ஜப்பான் சந்தைக் கார்களில் அதில் ஒரு சிறிய உலோகப் பிளேட் இருக்கும். மாடல் குறியீடு, சேஸிஸ் நம்பர், என்ஜின் கொள்ளளவு, நிறக் குறியீடு எல்லாம் அதில் உண்டு. தலைப்புகள் ஜப்பானிய எழுத்தில் இருந்தாலும், நமக்கு வேண்டிய குறியீடுகள் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்கும்.

சேஸிஸ் நம்பரில் கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் எளிது. எஸ்13 என்பது குடும்பம். வெறும் எஸ்13 என்று மட்டும் இருந்தால் சிஏ18 என்ஜின், அதாவது 1,809 சிசி. அதற்கு முன்னால் 'பி' (P) வந்தால் எஸ்ஆர்20 என்ஜின், 1,998 சிசி. 'ஆர்' வந்தால் ஹேட்ச் உடம்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் 'கே' வந்தால், பின்சக்கரங்களையும் லேசாகத் திருப்பும் ஹைகாஸ் அமைப்போடு பிறந்த கார்.

இப்போது கேஆர்பிஎஸ்13 என்று ஒரு பிளேட்டில் கண்டால் பயம் வேண்டாம். ஹைகாஸ் உள்ள, ஹேட்ச் உடம்புள்ள, 2.0 லிட்டர் எஸ்13. அதாவது 1991‑க்குப் பிந்தைய 180எஸ்எக்ஸ். பலர் ஹைகாஸைக் கழற்றிவிட்டுச் சாதாரண அமைப்பை வைத்துவிடுகிறார்கள். காரின் அடியில் இல்லாவிட்டாலும் பிறக்கும்போது இருந்ததைப் பிளேட் சொல்லிவிடும்.

அதே சேஸிஸ் நம்பர் ஃபயர்வால் தகரத்திலும் குத்தப்பட்டிருக்கும். துணியால் அழுக்கைத் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பிளேட்டைக் கழற்றி மாட்டுவது சுலபம், தகரத்தில் குத்திய எண்ணை மாற்றுவது அப்படியல்ல. இரண்டும் ஒத்துவரவில்லை என்றாலோ, எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது: உள்ளே இருப்பது எந்த என்ஜின்?

1991 தொடக்கத்தில் சில்வியா, 180எஸ்எக்ஸ் இரண்டுமே சிஏ18‑இலிருந்து எஸ்ஆர்20‑க்கு மாறின. டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து ஆற்றலைக் கூட்டும் கருவி) உள்ள சிஏ18டிஇடி 175 பிஎஸ் (குதிரைத்திறன்) தந்தது, எஸ்ஆர்20டிஇடி 205 பிஎஸ். 2.0 லிட்டர் வந்த பிறகும் 180எஸ்எக்ஸ் என்ற பெயரை நிசான் மாற்றவில்லை, ஆகவே பெயரில் உள்ள 180‑ஐ வைத்து 1.8 லிட்டர் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு சிறிய காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது அதன் முக்கிய உடலான பிளாக்கின் பக்கவாட்டில் வையுங்கள். சிஏ18‑இன் பிளாக் வார்ப்பிரும்பு, காந்தம் பச்சென்று ஒட்டும். எஸ்ஆர்20 பிளாக் அலுமினியம், ஒட்டாது. அமெரிக்க 240எஸ்எக்ஸின் 2.4 லிட்டர் கேஏ24 என்ஜினும் இரும்புதான். மேலே உள்ள கவரில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அது எல்லாவற்றிலும் அலுமினியம்.

எஸ்13‑இன் எஸ்ஆர்20டிஇடியில் அந்தக் கவர் சிவப்பு, பிற்கால 180எஸ்எக்ஸில் கறுப்பு. ஆனால் ஒரு டப்பா பெயின்ட் போதும் நிறத்தை மாற்ற. பிளாக்கில் குத்தியிருக்கும் என்ஜின் எண்ணையும் பார்த்துவிடுங்கள்.

நான்காவது: கிரேடு

சில்வியாவில் ஜேஸ், க்யூஸ், கேஸ் என்று மூன்று கிரேடுகள், அதாவது ரகங்கள். சீட்டுக்கட்டின் ஜாக், ராணி, ராஜாவிலிருந்து வந்த பெயர்கள். ஜேஸும் க்யூஸும் டர்போ இல்லாதவை, கேஸ் மட்டும் டர்போ. இங்கேதான் கவனம் வேண்டும்: பிஎஸ்13 (PS13) என்ற குறியீடு க்யூஸுக்கும் கேஸுக்கும் பொது. க்யூஸில் டர்போ என்ஜினை இறக்கி, கேஸ் எழுத்தை ஒட்டிவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. முழு சேஸிஸ் நம்பரை நிசானின் உதிரிபாக அட்டவணையான ஃபாஸ்டில் போட்டுத் தேடச் சொல்லுங்கள். எந்த மாதம் தயாரானது, டர்போவோடு பிறந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

180எஸ்எக்ஸில் இந்தத் தலைவலி குறைவு. 1996 வரை ஜப்பானில் விற்றவை எல்லாமே டர்போ. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த கடைசி வடிவத்தில்தான் டர்போ இல்லாத டைப் எஸ் சேர்ந்தது. டர்போவோடு வந்த டைப் எக்ஸ்தான் இன்று அதிகம் தேடப்படுவது. இந்தக் கடைசி வடிவத்தைப் பின்பக்கத்தின் வட்ட வட்டமான டெயில் லைட்டைக் கொண்டு சொல்லிவிடலாம். 1998 வரை இது ஓடியது. பழைய கார்களில் இதே லைட்டை மாட்டியிருப்பதும் சகஜம், ஆகவே தயாரான மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாவது: சக்கரத்தின் நட்டுகள்

எஸ்13 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சக்கரத்துக்கு நான்கு நட்டு. ஐந்து இருந்தால் அடுத்த தலைமுறையான எஸ்14 போன்ற வேறொரு நிசானின் ஹப்பை, அதாவது சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியை, மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது குறையல்ல, பலர் பெரிய பிரேக்குக்காக விரும்பிச் செய்வதுதான். ஆனால் என்ஜினை மாற்றியவர் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றினாரா, அல்லது 140 பிஎஸ் க்யூஸுக்கு வந்த பாகங்களின் மேல் 205 பிஎஸ் என்ஜினை ஏற்றிவிட்டாரா என்பதை விற்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.