சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா?

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டை அழுத்திப் பிடிப்பது) ஃபிரேமில் டிஸ்க் காலிப்பர் (சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் பாகம்) மாட்ட இடமே இருக்காது, அதனால் சைக்கிள் வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். சமவெளியில், மழையில்லாத நாளில் ஓட்டுபவருக்கு ரிம் பிரேக்கே தாராளம்: எடை குறைவு, விலை குறைவு, ஆலன் கீ இருந்தால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். அவ்வப்போது பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ரிம்மையே அரித்துவிடும்.

மழையிலும், 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை மாதிரி இறக்கத்திலும் என் ஓட்டு டிஸ்குக்குத்தான். ஈர ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது, கார்பன் ரிம் என்றால் சூடேறும் தொல்லை வேறு.

ஆனால் புது டிஸ்க் பேடை (தட்டை அழுத்தும் கட்டை) நம்பி நேராக மலை இறங்காதீர்கள், முதலில் அதைப் பழக்க வேண்டும். காலி ரோட்டில் 25 கி.மீ. வேகம் பிடித்து, முழுதாக நிற்காமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் 15, 20 தடவை. அப்புறம், ரோட்டரில் (அந்த டிஸ்க் தட்டில்) விரல் படக்கூடாது, செயின் எண்ணெய் கொஞ்சம் தெறித்தாலே பிரேக் கத்த ஆரம்பித்துவிடும். ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தவே அழுத்தாதீர்கள்.