சப்வூஃபர் நின்றுபோச்சா? சரிசெய்வதா, புதுசு வாங்குவதா என்று வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

சப்வூஃபர் நின்றுபோனதும் சிலர் நேராகக் காயலான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இன்னும் சிலர் எது போனது என்றே பார்க்காமல் புது ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டி, அதுவும் எரிந்த பிறகு அதே காயலான் கடைக்குப் போகிறார்கள். இரண்டுமே வீண் செலவு. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கமெல்லாம் கானா போட்டால் பேஸ் தரையில் அதிர வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய செட், அதை அரை மணி நேரம்கூடச் சோதிக்காமல் தூக்கிப்போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் ஒன்று மனதில் இருக்கட்டும். சப்வூஃபர் ஒரே பொருள் கிடையாது, மூன்று பொருள்: மரப்பெட்டி, முன்னால் இருக்கிற ஸ்பீக்கர், உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயர். மூன்றில் ஒன்று மட்டும் போயிருந்தால் சரிசெய்யலாம், இரண்டு போயிருந்தால் புதுசு வாங்கலாம். என் கணக்கு இவ்வளவுதான். எது போனது என்று தெரிந்துகொள்ளத்தான் கீழே உள்ள வேலை எல்லாம்.

வாரண்டி இன்னும் இருக்கிறதா என்று பில்லைத் தேடிப் பாருங்கள். இருந்தால் திருப்புளியைத் தொடவே வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

படி 1: திறக்காமலே பார்க்க வேண்டியவை

விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள், பின்பக்கம் ஃபியூஸ் இருந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். புதுசும் உடனே போனால் உள்ளே ஏதோ ஷார்ட் என்று அர்த்தம், அதோடு நிறுத்துங்கள். ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் நரம்பை முறுக்கி வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், வீடு பற்றி எரியும்.

விளக்கு எரிந்தும் சத்தம் இல்லையென்றால் செட்டிங்கைப் பாருங்கள். தனி ஏவி ரிசீவர் (டிவி, பிளேயர் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் மெனுவில் சப்வூஃபர் ‘யெஸ்’ என்று இருக்கிறதா, மற்ற ஸ்பீக்கர்கள் ‘ஸ்மால்’ என்று இருக்கிறதா பாருங்கள். கிராஸ்ஓவர், அதாவது எந்த அளவுக்குக் கீழே உள்ள பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்கிற செட்டிங், 80 ஹெர்ட்ஸில் இருந்தால் போதும். குழந்தைகள் ரிமோட்டை அமுக்கி சப்வூஃபர் வால்யூம் பூஜ்ஜியத்தில் கிடக்கிற வீடுகளும் உண்டு.

அப்புறம் ஆர்சிஏ ஒயர், அதாவது பாட்டை சப்வூஃபருக்குக் கொண்டுவரும் பின் வைத்த ஒயர். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக இருப்பவர்கள் பின்னைப் பிடுங்கிப் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும், எல்லாம் உப்புக்காற்றின் வேலை. காண்டாக்ட் கிளீனர் அடித்து, நாலு தடவை சொருகி எடுத்தாலே சில செட் பேச ஆரம்பித்துவிடும். வால்யூம் திருகும்போது கரகரவென்று வந்தால் அதற்கும் இதே மருந்துதான்.

‘ஊம்ம்’ என்று இரைச்சல் வந்தால் ஆர்சிஏ ஒயரை மட்டும் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் தப்பு ஒயரிலோ எர்த்திலோ இருக்கிறது, பெட்டிக்குள் இல்லை. பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர் (கரண்ட்டைச் சீராக்கும் உருளை) காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறதா

இதற்கு ஒரு ரிமோட் பேட்டரியும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும். மெயின் ஒயரைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். உள்ளிருந்து வரும் இரண்டு ஒயரையும் கழற்றிவிடுங்கள், எது பிளஸ் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்து கோன் (முன்னால் அதிரும் கூம்பு) அசைந்தால் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) உயிரோடு இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் மீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை பக்கத்திலும், 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு பக்கத்திலும் காட்டும். ஒன்றுமே காட்டாமல் ஓப்பன் என்று வந்தால் காயில் போச்சு. ஆனால் அவசரப்படாதீர்கள், கோனை லேசாக அசைக்கும்போது எண் வந்து வந்து போனால் காயில் நன்றாகவே இருக்கும், கோனிலிருந்து முனைக்குப் போகிற பின்னல் ஒயர்தான் அறுந்திருக்கும், அது ஒரு சொட்டு ஈயத்தில் முடிகிற வேலை.

அடுத்து இரண்டு கையாலும் கோனை ஒரே சீராக, மெதுவாக உள்ளே அமுக்குங்கள். சரசரவென்று உரசினால் காயில் கருகியோ கோணியோ போயிருக்கிறது. ஓரத்தில் இருக்கும் வளையத்தையும் பாருங்கள். ரப்பர் என்றால் பல வருடம் நிற்கும், ஸ்பாஞ்ச் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பொடிப்பொடியாக உதிரும். வளையம் மட்டும் கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

காயில் போன ஸ்பீக்கரை என்ன செய்வது? 6 இஞ்ச், 8 இஞ்ச் சின்ன ஸ்பீக்கருக்குக் காயில் கட்டுகிற கூலி கொடுப்பதை விட, அதே அளவில் வேறு வாங்குவது நல்லது. 10, 12 இஞ்ச், கனமான மேக்னட் என்றால் கோன், காயில் மாற்றுவதுதான் லாபம். யாரிடம் கொடுப்பது என்று உங்கள் ஏரியா சவுண்ட் சர்வீஸ்காரரைக் கேளுங்கள். கல்யாணம், திருவிழா, சாவு என்று பாக்ஸ் கட்டுகிற அவர்களுக்குத்தான் யார் கை சுத்தமான கை என்று தெரியும்.

படி 3: ஆம்ப்ளிஃபயர். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்

ஸ்பீக்கர் எரிந்திருக்கிறது என்று தெரிந்ததும் பலர் கடைக்கு ஓடுகிற கட்டம் இதுதான். அது ஏன் எரிந்தது? சில சமயம் அதிக சத்தம் வைத்ததால். ஆனால் பல சமயம் ஆம்ப்ளிஃபயர் ஐசி (சத்தத்தைப் பெருக்கும் சிப்) ஷார்ட் ஆகி, பாட்டுக்குப் பதிலாக டிசி கரண்ட்டை (பேட்டரி மாதிரி ஒரே பக்கமாகப் பாயும் கரண்ட்) நேராகக் காயிலுக்குள் தள்ளியிருக்கும். அதைப் பார்க்காமல் புது ஸ்பீக்கரை மாட்டினால், ஆன் செய்த கையோடு கோன் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும், கருகல் வாசனை வரும், அவ்வளவுதான், அதுவும் போச்சு.

அதனால் ஸ்பீக்கர் இல்லாமலே செட்டை ஆன் செய்து, வால்யூம் பூஜ்ஜியத்தில் வைத்து, ஸ்பீக்கருக்கு வரும் இரண்டு ஒயருக்கு நடுவே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். மில்லிவோல்ட் கணக்கில் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் நின்றால் ஐசி போச்சு, எந்த ஸ்பீக்கரையும் அதில் மாட்டாதீர்கள். டிசி இல்லையென்றால் பழைய டிவி ஸ்பீக்கர் ஏதாவது இருந்தால் மாட்டி, சத்தம் குறைவாக வைத்துப் பாட்டு வருகிறதா பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அதன் முதல் பக்கத்து 230 வோல்ட் ஒயரில் கை படாதவரை மற்ற இடமெல்லாம் குறைந்த வோல்ட்தான். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கெப்பாசிட்டரில் இரண்டு பக்கமும் 17 வோல்ட் பக்கத்தில் நிற்கும். ஆனால் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் போர்டு (எடை குறைந்த எலக்ட்ரானிக் பவர் சப்ளை) இருந்தால் அதில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கியும் கொஞ்ச நேரம் இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் அதைத் திறக்க வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் செட்டில் போவது பெரும்பாலும் 4440, 2030 மாதிரி நம்பர் போட்ட ஐசி, இல்லை தலை வீங்கிய கெப்பாசிட்டர். விம்கோ நகரிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை எங்கே இருந்தாலும் மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு பக்கம்தான், பழைய ஐசியையும் கெப்பாசிட்டரையும் கையோடு கொண்டு போங்கள். கெப்பாசிட்டருக்கு மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ அதிகமோ வேண்டும். டூப்ளிகேட் ஐசி சுற்றுவதால் விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 2030 மாற்றினால் ஐசிக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடு) நடுவே மைக்கா ஷீட் (கரண்ட் கடத்தாத மெல்லிய தாள்) போட்டார்களா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

புது ஸ்பீக்கர் வாங்கும்போது ஓம் மாறக்கூடாது. 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் மாட்டினால் ஐசி இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டிவரும், சூடேறிப் போய்விடும்.

படி 4: பெட்டி

மழைத்தண்ணீர் ஏறிய வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரையில் இருந்த பெட்டிகள் என்ன ஆயின என்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். மரத்தூள் பலகை, டீயில் நனைத்த பொறை மாதிரி ஊதிவிடும், காய்ந்தாலும் பழையபடி வராது. மூலை பிரிந்து காற்று கசிந்தால் பேஸ் செத்துவிடும். நனைந்த செட்டைக் கண்டிப்பாக ஆன் செய்யாதீர்கள். பெட்டி ஊதி, போர்டும் நனைந்திருந்தால் அதில் காசு போடாதீர்கள், ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கணக்கு

அதே தரத்தில் புது செட் 6,000 ரூபாய் என்றால், சாமானும் கூலியும் சேர்த்து 3,000 தாண்டினால் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பழைய கனமான செட்டுக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் கூடவே கொடுப்பேன், ஏனென்றால் அடுத்த தடவையும் சரிசெய்ய முடியும்.

சவுண்ட்பாரோடு வரும் ஒயர்லெஸ் சப்வூஃபருக்கு வேறு கதை. பெரும்பாலான மாடல்களில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் சவுண்ட்பாரோடு இணைப்பு விட்டிருக்கிறது, பின்னால் இருக்கும் பேரிங் பட்டனை அமுக்கினாலே சேர்ந்துவிடும். போர்டு போயிருந்தால் அந்தக் கம்பெனி போர்டுதான் வேண்டும், கிடைக்கவில்லை என்றால் மாற்றுவதே வழி.

புதுசு என்று முடிவானால், ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயர் போர்டும் தனியாக ஸ்பேர் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், பின்பக்க ஓட்டை வழியாகக் கரப்பான்பூச்சி போகாமல் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.