செலவுத் தொகைக்காகத் திவால் மனு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் அதிகம். அதனால் வழக்குகளும் அதிகம். வீட்டில் பட்டாலை யாருக்கு, இரண்டாம் கட்டு யாருக்கு என்று தொடங்கி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்று தோற்றவர்கள், எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுத் தொகையைக் கொடுக்கும்படி டிக்ரியின் (தீர்ப்பாணையின்) கடைசியில் எழுதப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. திவால் மனு, அதாவது மஞ்சள் நோட்டீஸ் என்றால் கடன்பட்டவர் தாமே கொடுப்பது என்றுதான் ஊரில் பலருக்கும் நினைப்பு. ஆனால் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்பு நிலைச் (திவால்) சட்டப்படி, பணம் வரவேண்டியவரும் மனுச் செய்யலாம். அதற்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகை 500 ரூபாய். 2016ஆம் ஆண்டுப் புதிய திவால் சட்டம் வந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்வதும் வீண். அதில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் அளவில் மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது.

கடன் இருப்பது மட்டும் இந்த மனுவுக்குப் போதாது. நொடிப்புச் செயல் என்று சட்டம் பட்டியலிடும் ஒன்றைக் கடனாளி செய்திருக்க வேண்டும். அது நடந்த மூன்று மாதத்துக்குள் மனுவும் தாக்கலாக வேண்டும். தோற்ற கோபத்தில் பலர் அந்தச் செயலைத் தாமே செய்து, எதிராளியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அவற்றில் மிக மோசமானது, தம் பங்கை அவசரமாக ஆச்சி பெயருக்கோ மகன் பெயருக்கோ செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வைப்பது. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றம் என்று நிறுவப்பட்டால், அந்தப் பத்திரமே நொடிப்புச் செயலாகிவிடும். அதோடு, பத்திரம் எழுதி இரண்டு ஆண்டுக்குள் தாக்கலான மனுவின்பேரில் ஒருவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால், நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு எழுதியது போன்றவை தவிர மற்ற மாற்றங்களை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். சொத்தைக் காப்பாற்ற எழுதிய பத்திரம் சொத்தையும் காப்பாற்றாது, எழுதியவர்மீதும் சந்தேகத்தை வரவழைக்கும். ஒரே ஒரு உறவினரின் கடனை மட்டும் முந்திக்கொண்டு அடைப்பதும் இதே வகையில் சிக்கலாகலாம். அதற்குக் காலவரம்பு மூன்று மாதம்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவது அடுத்த தவறு. கடன் கொடுத்தவரைத் தவிர்க்கும் நோக்கில் இருப்பிடத்தை விட்டு விலகியிருப்பதும் சட்டத்தின் பட்டியலில் உண்டு. பூட்டிய முகப்பில் நோட்டீஸ் ஒட்டப்பட்டு, ஒருதலைப்பட்சமாக உத்தரவு பிறக்கவும் அது வழிவிடும்.

இறுதியாகிவிட்ட, நிறைவேற்றத்துக்குத் தடையில்லாத டிக்ரித் தொகையைக் குறைந்தது ஒரு மாத அவகாசத்தில் கட்டும்படி வரும் நொடிப்பு நோட்டீஸைக் கிடப்பில் போடுவதும் நொடிப்புச் செயலே. மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், தாக்கல் வேறு, தடை உத்தரவு வேறு என்பதைத் தங்கள் வக்கீலிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மனு விசாரணையில் நின்று, பாட்டனார் உயில் செல்லாது, அளவுக்காரர் தப்பாக அளந்தார் என்று பழைய வழக்கையே மறுபடி நடத்தப் பார்ப்பது பயனற்றது. அங்கே எழும் கேள்விகள் மூன்றுதான்: கடன் உண்டா, நொடிப்புச் செயல் நடந்ததா, கடனை அடைக்க இவருக்கு வசதி இருக்கிறதா. மூன்றாவதற்குத்தான் ஆவணங்களைச் சேர்க்க வேண்டும். அடைக்க வல்லவர் என்று நீதிமன்றத்துக்கு நிரூபித்தால் மனு தள்ளுபடியாகும். தொகை சிறியதாயின் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம். வைராக்கியத்துக்கு இது இடமில்லை.

கட்டும்போதும் பெரியவர்கள் முன்னிலையில் ரொக்கமாகக் கொடுத்து வாய்மொழியாக முடித்துக்கொள்ளக் கூடாது. நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை டிக்ரிதாரர் பதிவு செய்யாவிட்டால், 30 நாளுக்குள் நீங்களே மனுச் செய்து பதியவைக்க வேண்டும். இல்லையேல் நிறைவேற்று நீதிமன்றம் அதை ஏற்காது. திவால் மனு நிலுவையில் இருக்கும்போது சமரசமானாலும், நீதிமன்ற அனுமதியின்றி அந்த மனுவைத் திரும்பப் பெற முடியாது.

நொடித்தவர் என்ற அறிவிப்பு வந்துவிட்டால் உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றத்துக்கோ, அது நியமிக்கும் ரிசீவருக்கோ (சொத்துப் பொறுப்பாளருக்கோ) போய்ச் சேரும். வீட்டில் உங்களுக்குள்ள பங்கும், அதற்காக வழக்காடும் உரிமையும் அதில் அடங்கும். சார்பு நீதிமன்ற உத்தரவாயின் மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாளிலும், உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீடாயின் 90 நாளிலும் தாக்கல் செய்ய வேண்டும். கடன்கள் முழுவதும் தீர்ந்துவிட்டதாகக் காட்டினால் அறிவிப்பையே ரத்துச் செய்யும்படி கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.