டெஸ்க்டாப்பில் ஐகான் குவிந்து கிடக்கிறதா? ஃபென்சஸ், டெஸ்க்டாப்ஓகே கொண்டு ஒழுங்குபடுத்தும் முறை

பின்னால் வைத்த படமே தெரியாத அளவுக்கு ஐகான் நிரம்பிய விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கான செய்முறை இது. இரண்டு மென்பொருள்களைப் பார்க்கப் போகிறோம். ஸ்டார்டாக் நிறுவனத்தின் ஃபென்சஸ், ஐகான்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைக்கும். டெஸ்க்டாப்ஓகே, ஐகான்கள் நின்ற இடத்தை மட்டும் நினைவில் வைத்து, கலைந்தால் பழையபடி அடுக்கித் தரும். முன்னது விலைக்கு, 30 நாள் சோதனையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பின்னது இலவசம்.

ஃபென்சஸ் குப்பையைக் குறைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 200 ஃபைலை ஐந்து பெட்டிக்குள் தள்ளினாலும் அந்த 200-ம் அதே டெஸ்க்டாப் ஃபோல்டரில்தான் கிடக்கும். அந்த ஃபோல்டர் இருப்பதோ சி டிரைவில். சர்வீஸ் கடையில் ‘ஃபார்மட்’ போடும்போது முதலில் அழிவது சி டிரைவ். அதனால் மென்பொருளை இறக்கும் முன்பே பாதி வேலையை முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை: ஃபைல்களை வெளியேற்றுவது

டெஸ்க்டாப்பிலேயே ஐகான் ஐகானாக இழுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். விண்டோஸ் கீயையும் ‘இ’ கீயையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, இடப்பக்கம் ‘டெஸ்க்டாப்’ என்பதைத் தொடுங்கள். மேலே ‘வியூ’ போய் ‘டீடெய்ல்ஸ்’ வையுங்கள். ‘டைப்’ என்ற தலைப்பைச் சொடுக்கினால் ஷார்ட்கட், பிடிஎஃப், படம், எக்செல் எல்லாம் இனம் இனமாக வரிசையில் நிற்கும்.

ஷார்ட்கட்டில் கை வையுங்கள். ஐகானின் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். பெரும்பாலும் சில கேபி அளவுதான். அதை அழித்தால் மென்பொருள் போய்விடாது, ஸ்டார்ட் மெனுவில் அப்படியே இருக்கும். மாதக்கணக்கில் தொடாத ஷார்ட்கட்டையெல்லாம் தயங்காமல் அழிக்கலாம். அம்புக்குறி இல்லையென்றால் அது அசல் ஃபைல். அதை ஷார்ட்கட் என்று நினைத்து அழிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. உடனே கவனித்தால் கண்ட்ரோல் கீயுடன் ‘இசட்’ அழுத்தினால் திரும்பிவிடும். தாமதமானால் ரீசைக்கிள் பின்னில் தேடுங்கள்.

சில ஷார்ட்கட்டை அழிக்கும்போது மட்டும் நிர்வாகி அனுமதி கேட்கும். அவை உங்கள் டெஸ்க்டாப்பில் இல்லை. கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவான ‘பப்ளிக் டெஸ்க்டாப்’ ஃபோல்டரில் இருந்துகொண்டு இங்கே தோன்றுகின்றன. அழித்தால் மற்றவர்களுடைய திரையிலிருந்தும் போகும். அலுவலகக் கணினி என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து அசல் ஃபைல்கள். டி டிரைவ் இருந்தால் அதில், இல்லையென்றால் ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள், நான்கே நான்கு ஃபோல்டர் போதும்: ‘01 நடப்பு’, ‘02 சான்றிதழ்’, ‘03 படம்’, ‘04 பழையது’. முன்னால் எண் போட்டால் எப்போதும் அதே வரிசையில் நிற்கும். பத்துப் பன்னிரண்டு ஃபோல்டர் உருவாக்கினால், எதை எதில் போடுவது என்ற குழப்பத்தில் எல்லாம் மறுபடி டெஸ்க்டாப்புக்கே வந்து சேரும். என்ன வகை என்றே தெரியாததையெல்லாம் யோசிக்காமல் ‘பழையது’க்குள் தள்ளுங்கள். தேவைப்படும்போது தேடி எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஃபைலைத் தொட்டுவிட்டு, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி கடைசி ஃபைலைத் தொட்டால் இடையில் உள்ளதெல்லாம் தேர்வாகும். கண்ட்ரோலுடன் ‘எக்ஸ்’ அழுத்தி வெட்டி, சேர வேண்டிய ஃபோல்டரில் கண்ட்ரோலுடன் ‘வி’ அழுத்தி ஒட்டுங்கள். சி டிரைவுக்குள்ளேயே நகர்த்தினால் எவ்வளவு பெரிய வீடியோவும் நொடியில் போய்விடும். முகவரி மட்டுமே மாறுகிறது, தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. டி டிரைவுக்கு நகர்த்தும்போது ஒவ்வொரு ஃபைலும் முழுதாக நகலெடுக்கப்படுவதால் நேரமாகும். நடுவில் கணினியை அணைக்க வேண்டாம்.

நகர்த்தக் கூடாதவையும் உண்டு. கணக்கு மென்பொருள் ஏதாவது தன் டேட்டாவை டெஸ்க்டாப்பில் உள்ள ஃபோல்டரில் வைத்திருந்தால், முதலில் அந்த மென்பொருளின் செட்டிங்கில் பாதையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது பழைய கணக்கே காணாமல் போனதுபோல் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்று எண்ணை எடுத்துக்கொள்ளும் எக்செல் ஃபைல்களைச் சேர்த்தே நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும்.

டி டிரைவில் வைத்ததெல்லாம் பத்திரம் என்று எண்ண வேண்டாம். ஒரே ஹார்டு டிஸ்கைப் பிரித்து டி உருவாக்கியிருந்தால், டிஸ்க் பழுதாகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ‘02 சான்றிதழ்’ ஃபோல்டருக்காவது பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

எந்த மென்பொருள் யாருக்கு?

வெளியேற்றிய பிறகு 20, 30 ஐகான்தான் மிஞ்சுகிறதா? அப்படியானால் டெஸ்க்டாப்ஓகே போதும். தினமும் புதிது புதிதாக ஃபைல் வந்து குவியும் கடை, அலுவலகக் கணினி என்றால் ஃபென்சஸ். இரண்டையும் ஒன்றாக ஓட்ட வேண்டாம். எந்த ஐகான் எங்கே நிற்க வேண்டும் என்பதில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

டெஸ்க்டாப்ஓகே

இதை நிறுவவே தேவையில்லை. சாஃப்ட்வேர்ஓகே என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து ஜிப் ஃபைலை இறக்கி, விரித்து, உள்ளே இருப்பதை இயக்கினால் ஆயிற்று. நிர்வாகி அனுமதி இல்லாத கணினியிலும் ஓடும்.

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘வியூ’வில் ‘ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் இருக்கும்வரை விண்டோஸ் தன்னிஷ்டத்துக்கு இடப்பக்கமாக அடுக்கிக்கொண்டே இருக்கும். ‘அலைன் டு கிரிட்’ இருக்கட்டும். பிறகு ஐகான்களை வேண்டிய இடத்தில் வைத்து, டெஸ்க்டாப்ஓகேயில் ‘சேவ்’ கொடுங்கள். பட்டியலில் ஒரு வரி சேரும். ‘வீடு’, ‘ப்ரொஜெக்டர்’ என்று அடையாளம் தெரியும்படி அதற்குப் பெயர் வையுங்கள். கலைந்துபோனால் அந்த வரியைத் தேர்ந்து ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் போதும்.

ஏன் கலைகிறது? 1920×1080 அளவில் இருந்த திரை, பழைய ப்ரொஜெக்டரில் சொருகியதும் 1024×768 ஆகிவிடும். வெளியே விழும் ஐகான்களை விண்டோஸ் உள்ளே இழுத்து, கிடைத்த இடத்தில் திணிக்கும். ப்ரொஜெக்டரைக் கழற்றிய பிறகும் பல நேரம் பழைய இடத்துக்குத் திரும்பாது. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும், டெஸ்க்டாப்ஓகே வைத்துக்கொள்ள.

ஃபென்சஸ்

ஸ்டார்டாக் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஃபென்சஸின் பழைய பதிப்பு ஒருகாலத்தில் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை ‘ஃப்ரீ டவுன்லோடு’ என்று வேறு தளங்களில் வைத்திருப்பார்கள். கூடவே என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது, அந்தப் பக்கம் போக வேண்டாம். நிறுவும்போது நிர்வாகி அனுமதியும், சோதனைக் காலத்தைத் தொடங்க மின்னஞ்சலும் கேட்கும்.

முதல்முறை திறந்ததும், ஐகான்களைத் தானே வகைபிரித்து அடுக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி வெறுமையாகத் தொடங்குவதே நல்லது. அது பிரிப்பது ஃபைலின் வகையை வைத்து. நாம் தேடுவதோ வேலையை வைத்து. ஒரே வேலைக்கான எக்செல் ஒரு பெட்டியிலும் பிடிஎஃப் இன்னொரு பெட்டியிலும் போய் உட்கார்ந்தால் முன்பைவிட அதிகம் தேட வேண்டிவரும்.

இனி பெட்டி வரைவோம். காலியான இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்திப் பிடித்தபடி மூலைவாட்டில் இழுத்து விடுங்கள். சின்ன மெனு வரும். சாதாரண பெட்டி, ஃபோல்டர் போர்ட்டல் என்று அதில் இரண்டு வகை இருக்கும். இந்த இரண்டின் வேறுபாடுதான் முழு விஷயமும்.

சாதாரணப் பெட்டி டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்களைச் சுற்றிப் போட்ட கோடு மட்டுமே. பெட்டியை நீக்கினால் உள்ளே இருந்தவை வெளியே சிதறி நிற்கும், அழியாது. தினமும் திறக்கும் மென்பொருள்களின் ஷார்ட்கட்டுக்கு இது சரி. ஃபோல்டர் போர்ட்டல், வேறெங்கோ இருக்கும் ஃபோல்டருக்கு டெஸ்க்டாப்பில் வைத்த ஜன்னல். டி டிரைவின் ‘01 நடப்பு’ ஃபோல்டரைக் காட்டும் போர்ட்டல் வரைந்தால், அதற்குள் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி இழுத்துப் போடும் ஃபைல் நேராக டி டிரைவுக்கே போய்விடும். கண்ணெதிரே இருக்கும், ஆனால் டெஸ்க்டாப் ஃபோல்டரில் இருக்காது. ஷார்ட்கட் பெட்டி ஒன்று, மற்றதெல்லாம் போர்ட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டலை நீக்கினாலும் ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகாது. போர்ட்டலுக்குள் இருக்கும் ஃபைலை அழித்தால் மட்டும் உண்மையிலேயே அழியும்.

‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டருக்கும் ஒரு போர்ட்டல் வரையலாம். பிரவுசரிலிருந்து இறங்குவதெல்லாம் உடனே தெரியும். ஆனால் அதையே நிரந்தர இருப்பிடமாக்க வேண்டாம். செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ வழியாகப் போனால் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ இருக்கும். அதில் டவுன்லோட்ஸுக்கு 30 நாள் என்று யாராவது வைத்திருந்தால், அத்தனை நாள் திறக்காத ஃபைலை விண்டோஸே அழித்துவிடும்.

பெட்டியின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து பெயர் மாற்றலாம். தலைப்பை டபுள் கிளிக் செய்தால் பெட்டி சுருண்டு தலைப்பு மட்டும் நிற்கும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் தற்காலிகமாக விரியும். சிறிய லேப்டாப் திரையில் போர்ட்டல்களையெல்லாம் இப்படிச் சுருட்டியே வைக்கலாம். எல்லாம் அமைந்த பிறகு ஃபென்சஸ் செட்டிங்கில் ஒரு ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப்ஓகே செய்யும் வேலையை ஃபென்சஸில் இது செய்கிறது.

குழப்பம் வரும் இடங்கள்

ஐகான்கள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிட்டனவா? காலியான இடத்தில் தெரியாமல் டபுள் கிளிக் செய்திருப்பீர்கள். எல்லாவற்றையும் மறைக்க ஃபென்சஸ் வைத்த வழி அது. மறுபடி டபுள் கிளிக் செய்தால் வந்துவிடும்.

தமிழ் டைப் செய்பவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. ஆங்கிலத்திலிருந்து தமிழ் கீபோர்டுக்கு மாற விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் அழுத்துவது பலருக்கும் பழக்கம். அதே இரண்டு கீயை ஃபென்சஸ் தன் ‘பீக்’ வசதிக்கு வைத்திருக்கிறது. திறந்திருக்கும் ஜன்னல்களுக்கு மேல் பெட்டிகளைக் கொண்டுவந்து காட்டும் வசதி அது. மொழி மாறாமல் பெட்டிகள் வந்து நின்றால் காரணம் இதுதான். ஃபென்சஸ் செட்டிங்கில் பீக் பகுதிக்குப் போய் அந்தக் கீயை மாற்றுங்கள், அல்லது பீக்கையே நிறுத்துங்கள். இடது ஆல்ட், ஷிஃப்ட் சேர்த்து அழுத்தியும் மொழி மாற்றலாம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு வசதியான ஒன்டிரைவ் டெஸ்க்டாப்பை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால், உங்கள் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் குடியேறியிருக்கும். இலவசக் கணக்கில் இருப்பது 5 ஜிபி. இரண்டு கல்யாண வீடியோ டெஸ்க்டாப்பில் இருந்தாலே நிரம்பிவிடும். ஒரே கணக்கை வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படுத்தினால், அங்கே உள்ள ஷார்ட்கட் இங்கே வெள்ளைத் தாள்போல் வந்து நிற்கும், திறக்காது. அதை எரிச்சலில் அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ‘சிங்க் அண்ட் பேக்கப்’ போய் ‘மேனேஜ் பேக்கப்’பில் டெஸ்க்டாப்பை மட்டும் நிறுத்தலாம். நிறுத்திய பின் ஐகான்கள் காணாமல் போனதுபோல் தெரிந்தால், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டெஸ்க்டாப்’ ஃபோல்டரில் பாருங்கள். பெட்டி வரையும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு செய்தால் ஃபைல்கள் இடம் மாறி, அடுக்கியதெல்லாம் மறுபடி கலைந்துபோக வாய்ப்புண்டு.

30 நாள் முடிந்து ஃபென்சஸுக்குப் பணம் கட்ட விருப்பமில்லையென்றால், செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ போய் வழக்கம்போல் நீக்கிவிடலாம். பெட்டிகள் மறையும், ஷார்ட்கட்டுகள் வெளியே வரும். போர்ட்டலில் பார்த்த ஃபைல்கள் டி டிரைவில் இருந்தபடியே இருக்கும். அந்த ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து ‘சென்ட் டு’ வழியாக டெஸ்க்டாப்புக்கு ஒரு ஷார்ட்கட் அனுப்பிவிட்டால், செலவில்லாமல் கிட்டத்தட்ட அதே வசதி. விண்டோஸ் 11-இல் ‘சென்ட் டு’ தெரியவில்லையென்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ தொட்டுப் பாருங்கள்.